படத்தில் நிற்பவர் பெயர் என்ன?



உங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். கட்டிலுக்கு அடியிலோ அலமாரிக்கு மேலேயோ தூசி படிந்து கிடக்கும். அதற்குள்ளே பிறப்புப் பத்திரம், பழைய சேமநிதிக் கடிதங்கள், தாத்தாவின் அடையாளக் கார்டு எல்லாம் இருக்கும். அவற்றுக்கும் அடியில் பழுப்பேறிய ஓர் உறை. உறைக்குள் நாலைந்து புகைப்படங்கள். அந்த உறையைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள்? படத்தில் நிற்பவர்களின் பெயர்களை உங்கள் பிள்ளைகளால் சொல்ல முடியுமா?

இந்தக் கேள்வி நமக்குத் தானாகத் தோன்றவில்லை. கோப்பெங்கில் ஒரு பெண்பிள்ளை நம்மைக் கேட்க வைத்துவிட்டாள். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

ஈயமும் பாலும்

ஈப்போவிலிருந்து தெற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் இருக்கிறது கோப்பெங். ஒரு பக்கம் மலைத்தொடர். மறுபக்கம் கிந்தாப் பள்ளத்தாக்கு. மலையிலிருந்து குழாய் வைத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து, அதன் வேகத்தில் மண்ணைக் கரைத்து ஈயம் எடுத்த ஊர் இது. நம்மவர் வாயில் அது 'லம்பம்'. ஈயச் சந்தை 1985-ஆம் ஆண்டு சரிந்தபோது லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடின. பள்ளங்களில் தண்ணீர் தேங்கிக் குளங்களாயின.

லம்பத்தைச் சுற்றி இருந்தவை ரப்பர்த் தோட்டங்கள். பெரட்டுக் களம், லயம், பால் ஸ்டோர், ஆயாக் கொட்டகை, மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி — இதுதான் நம்முடைய உலகம். பிறகு பால்மரம் சாய்ந்து செம்பனை வந்தது. சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. லயத்து ஜனங்கள் தாமான்களுக்கும் பட்டணத்துக்கும் சிதறினார்கள். எங்கே பெரட்டு நடந்தது என்று கேட்டால் காட்டுவதற்கு இன்று ஒரு கல்கூட மிச்சமில்லாத இடங்கள் உண்டு.

இந்த ஊர்ப் பெண்தான் நாம் சொல்லும் தங்கை. அப்பா லாரி ஓட்டுகிறார். பாட்டி முப்பது ஆண்டுக்கு மேல் பால் வெட்டியவர். தங்கை படிப்பது பல்கலைக்கழகத்தின் இறுதி ஆண்டு. பட்டம் வாங்க வேண்டுமானால் ஒரு திட்டத்தை முடித்துக் கொடுக்க வேண்டும்: 20 புகைப்படங்களும் ஒரு கட்டுரையும். பொருள், பண்பாட்டு மரபு. கேமரா கூடப் படிக்கும் தோழியிடம் இரவல்.

கோட்டையும் கோயிலும்

பண்பாட்டு மரபு என்றதும் தங்கை முதலில் போன இடம், எல்லாரும் போகிற கெல்லி கோட்டை. கோப்பெங்கிலிருந்து பத்து காஜா போகும் சாலையில் இருக்கிறது.

அதன் கதை நம்மில் பலருக்குத் தெரியும். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1890-இல் மலாயாவுக்கு வந்தார். காடு திருத்தும் குத்தகையில் பணம் சேர்த்தார். நிலம் வாங்கி ரப்பர் போட்டு, தம் சொந்த ஊர்ப் பெயரை வைத்து 'கிந்தா கெல்லாஸ்' தோட்டத்தை உண்டாக்கினார். 1915-இல் இந்த மாளிகையைக் கட்டத் தொடங்கினார். கட்டட வேலைக்கு மதராசிலிருந்து ஆட்களை வரவழைத்தார். இடையில் விஷக் காய்ச்சல் பரவி வேலையாட்கள் பலர் மாண்டார்கள். மிஞ்சியவர்கள் துரையிடம் போய், "அம்மனுக்கு ஒரு கோயில் வேணும்" என்று கேட்டார்களாம். துரையும் கட்டிக் கொடுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. நன்றிக்கு அடையாளமாக, கோயிலின் மேலே சாமி உருவங்களோடு துரையின் உருவத்தையும் வைத்தார்கள். இன்றும் அது அங்கே நிற்கிறது. ஸ்மித் 1926-இல் லிஸ்பன் நகரில் நிமோனியாக் காய்ச்சலில் இறந்துபோனார். மாளிகை முடிவடையாமலே நின்றுவிட்டது.

தங்கை கோட்டையைப் படம் எடுத்தாள். வளைவுகளை எடுத்தாள், செங்கல் சுவரை எடுத்தாள், கோயிலில் துரை உருவத்தையும் எடுத்தாள். நாற்பது ஐம்பது படம் தேறிற்று. கொண்டுபோய்க் காட்டியபோது விரிவுரையாளர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "கட்டினவங்க எங்கே?"

தங்கைக்குச் சுருக்கென்றது. நமக்கும்தான்! செங்கல் சுமந்தவர் பெயர் அந்தச் சுவரில் உண்டா? காய்ச்சலில் போனவர்களின் பெயர் எங்கேனும் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறதா? கோயில் கேட்டு வாங்கியது நம்மவர். உருவமாக நிற்பவர் துரை. அவர் நல்லவராகவே இருந்திருக்கட்டும். நன்றி சொன்னது நம்மவர் பண்பு. ஆனால் நன்றி சொன்னவர்கள் யார் என்று கேட்க நூறு ஆண்டு ஆயிற்றே, அதுதான் வருத்தம்.

பாட்டியின் பெட்டி

அன்றிரவு தங்கை பாட்டியின் பெட்டியைத் திறக்கச் சொன்னாள்.

"என்னாத்துக்கு கண்ணு அதெல்லாம்? பூச்சி அரிச்சுப் போயிருக்கும்" என்றார் பாட்டி.

"பரவாயில்ல பாட்டி. ஒரு தடவ பாத்துட்டு வச்சிடுறேன்."

பெட்டியில் ஐந்து படங்கள் இருந்தன. ஒன்று கல்யாணப் படம். ஒன்று அடையாளக் கார்டுக்கு எடுத்தது. இங்கே ஒரு செய்தி சொல்ல வேண்டும். அவசரகாலம் அறிவிக்கப்பட்ட 1948-இல், 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் படம் ஒட்டிய அடையாளக் கார்டு வைத்திருக்க வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவிட்டது. தம் வாழ்க்கையில் முதன்முதலாகப் படம் எடுத்துக்கொண்டதே அந்தக் கார்டுக்காகத்தான் என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆசைக்கு எடுத்த படமல்ல. சட்டத்துக்கு எடுத்த படம்!

மற்றொன்றுதான் முக்கியமானது. தோட்டத்துத் துரை மாற்றலாகிப் போகும்போது பெரட்டுக் களத்தில் எடுத்த படம். பின்பக்கம் படக்கடை முத்திரை. 1968 என்று எழுதியிருக்கிறது. நடுவில் நாற்காலியில் துரை. பக்கத்தில் கிராணிமார். பின்னால் இரண்டு வரிசையில் தொழிலாளர்கள் 19 பேர். பாட்டி இரண்டாவது வரிசையில், தலையில் துண்டோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். அப்போது அவருக்கு 22 வயது.

"இவங்கள்லாம் யாரு பாட்டி?"

பாட்டி விரல் வைத்துச் சொல்லத் தொடங்கினார். இவர் கங்காணி வீட்டு மருமகள். இவர் மருந்தடிக்கும் கூட்டத்து ஆள். இவரை எல்லாரும் 'கட்டையர்' என்றுதான் கூப்பிடுவார்கள், சொந்தப் பெயர் என்னமோ இருந்தது... இப்படியே போய் 11 பேரோடு நின்றுவிட்டது. மீதி எட்டுப் பேர்? பாட்டி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கூடவேதான் நிரை புடிச்சோம். பேரு வரமாட்டேங்குது கண்ணு" என்று கண் கலங்கினார்.

அந்த இடத்தில்தான் தங்கைக்குத் தன் திட்டம் புலப்பட்டது. கோட்டை வேண்டாம். இந்த ஒரு படம் போதும். இதில் நிற்கும் 19 பேரும் யார், அவர்கள் நின்ற மண் இன்று எப்படி இருக்கிறது, அவர்களில் உயிரோடு இருப்பவர் யார் — இதுதான் 20 படங்கள்.

பெயரில்லாப் படங்கள்

நம்மவரைப் படம் எடுக்காமல் இல்லை. 1867-இல் சிங்கப்பூரில் தொடங்கிய லேம்பர்ட் படநிலையம் போன்றவை தமிழரையும் மலாய்க்காரரையும் சீனரையும் எடுத்து வெள்ளைக்காரருக்கு விற்றன. அப்படிப்பட்ட படங்களின் கீழே என்ன எழுதியிருக்கும்? 'தமிழ்ப் பெண்', 'தமிழ்க் கூலி' என்றிருக்கும். ஆளின் பெயர் இருக்காது. மரத்தைப் படமெடுத்து 'ரப்பர் மரம்' என்று எழுதுவதைப் போல!

இது நமக்கு மட்டும் நேர்ந்த கதியல்ல. அமெரிக்காவில் 1936 மார்ச் மாதம், கலிபோர்னியாவில் நிப்போமோ என்னும் ஊரில் பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாம் ஒன்று. பனியில் பயிர் கெட்டு, வேலையில்லாமல் பட்டினியில் கிடந்தார்கள். அரசாங்கத்துக்காகப் படம் எடுத்துவந்த டோரதியா லாங் என்ற அம்மையார், குழந்தைகளோடு கூடாரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தாயைச் சில படங்கள் எடுத்தார். 'குடிபெயர்ந்த தாய்' என்று அது உலகப் புகழ் பெற்றது. தபால்தலையில்கூட வந்தது. ஆனால் எடுத்தவர் அந்தத் தாயின் பெயரைக் கேட்கவே இல்லை. 42 ஆண்டு கழித்து, 1978-இல்தான் அவர் பிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று உலகத்துக்குத் தெரிந்தது. தம் முகத்தை உலகமே பார்த்தும் தமக்கு ஒரு காசு வரவில்லை என்று அவர் மனம் வருந்தினார். லாங் அம்மையாரும் அந்தப் படத்தால் பணம் சேர்க்கவில்லை. படம் அரசாங்கச் சொத்து. என்றாலும் பெயரைக் கேட்க எத்தனை நிமிடம் ஆகியிருக்கும்?

பெயர் மட்டுமல்ல, படமே இல்லாமல் போனவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஜப்பான்காரன் காலத்தில் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வராதவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் காட்டுவதற்கு நம்மிடம் எதுவுமில்லை. அப்படியிருக்க, இருக்கிற ஐந்து படத்தையும் பூச்சிக்குக் கொடுக்கலாமா?

பாட்டி சொன்ன பாடம்

தங்கை முதலில் ஒரு தவறு செய்தாள். அவளே ஒப்புக்கொண்டாள்.

பாட்டியைப் படமெடுக்க முழுக்கைச் சட்டை, தலைத்துண்டு, ரப்பர் பூட்ஸ், கையில் உளி, தோளில் காண்டா என்று எல்லாம் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தாள். பாட்டி அவற்றைப் பார்த்தார். முகம் மாறிற்று.

"இத நான் போட மாட்டேன்."

"படத்துக்குத்தான் பாட்டி. அப்பதான் பழைய காலம் மாதிரி இருக்கும்."

"மூணு மணிக்கு எழுந்திரிச்சு, கொசுக்கடியில, புள்ளைய ஆயாக் கொட்டகையில போட்டுட்டு இந்தச் சட்டையத்தான் மாட்டிக்கிட்டு ஓடினேன். இத கழட்டுறதுக்குத்தான் அவ்வளவு வருஷம் ஒழைச்சேன். நீ படிக்கிறது எனக்கு இத மறுபடியும் மாட்டி விடவா?"

தங்கை வாயடைத்துப் போனாள். மறுநாள் பாட்டி தாமே பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மடியில் 1968-ஆம் ஆண்டுப் படம். பக்கத்து மேசையில் துடைத்து வைத்த உளி. செயற்கை விளக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. வாசல் வெளிச்சமே போதுமாயிருந்தது. அந்தப் படத்தை நாம் பார்த்தோம். அதில் பாட்டி கூலி அல்லர். ஒரு குடும்பத்தின் தலைவி. உளி அவருடைய கதையைச் சொல்கிறது. ஆனால் உளிதான் அவர் என்று சொல்லவில்லை.

எழுதப் படிக்கத் தெரிந்த நாம் எல்லாருமே இங்கே யோசிக்க வேண்டியது ஒன்றுண்டு. மரபைக் காட்டுகிறோம் என்று சொல்லி, நம் பெரியவர்களை அவர்களுடைய கஷ்டகாலத்து உடுப்பிலேயே நிரந்தரமாக நிறுத்திவிடுகிறோமா? எந்த உடுப்பில், எப்படி நிற்க வேண்டும் என்று சொல்லும் உரிமை படத்தில் நிற்பவருக்கே உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோப்பெங் பக்கத்தில் மிஞ்சியிருக்கும் ஒரு சின்னத் தோட்டத்துக்கு விடியற்காலையில் போனாள் தங்கை. வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். அங்கே வெட்டிக்கொண்டிருந்தவர் இந்தோனேசியாவிலிருந்து வந்தவர். "இது நம்ம மரபுன்னு சேர்க்கலாமா பாட்டி?" என்று கேட்டாளாம். பாட்டி யோசிக்கவே இல்லை. "எங்கப்பாவும் ரஜுலா கப்பல்ல அப்படித்தானே வந்தாரு. சேத்துக்க. அவரு பேரையும் கேட்டு எழுதிக்க" என்றார்.

கோயில் வாசலில் ஒரு கண்காட்சி

திட்டத்தை ஒப்படைக்க இரண்டு வாரம் இருந்தது. அப்போது தங்கை ஒரு நல்ல காரியம் செய்தாள். பழைய படத்தைப் பெரிதாக்கி அட்டையில் ஒட்டினாள். ஒவ்வொரு தலைக்கும் ஓர் எண் போட்டாள். தோட்டத்து ஜனங்கள் கூடும் கோயில் திருவிழா அன்று, நிர்வாகத்தாரிடம் அனுமதி கேட்டு மண்டபத்து ஓரத்தில் வைத்தாள். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கட்டித் தொங்கவிட்டாள்.

என்ன கூட்டம் தெரியுமா! "அட, இது நம்ம பெரியம்மா!" என்று ஒருவர் சத்தம் போட்டார். "இவரு என் மாமனாரு. எங்ககிட்ட அவரு படமே இல்லீங்க" என்று ஓர் அம்மாள் அட்டையைத் தடவித் தடவி அழுதார். 'கட்டையர்' என்று மட்டும் தெரிந்திருந்தவருக்கு அன்றைக்கு முழுப் பெயர் கிடைத்தது. அவருடைய மகனே வந்து எழுதினார். மாலைக்குள் 11 பெயர் 16 ஆயிற்று.

மூன்று பேர் மட்டும் கடைசிவரை தெரியவில்லை. தங்கை அவர்களை விட்டுவிடவில்லை. எண்ணுக்கு நேராகக் கோடு போட்டு, "பெயர் தெரிந்தவர் சொல்லவும்" என்று எழுதி, அப்படியே ஒப்படைத்தாள். திட்டம் நல்லபடியாகத் தேறிவிட்டது. அந்த மூன்று கோடுகளும் இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன. பெயர்களை நாம் இங்கே அச்சிடவில்லை. அவை அந்தக் குடும்பங்களின் சொத்து.

மாமனார் படம் இல்லை என்று அழுத அம்மாளுக்குத் தங்கை ஒரு பிரதி எடுத்துச் சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதற்கு மதிப்பெண் எதுவும் கிடையாது. ஆனால் அதுதான் அந்தத் திட்டத்தின் மிகச் சிறந்த படம் என்பது நம் கருத்து.

இன்றே செய்ய வேண்டியவை

அன்பர்களே, கோப்பெங்கில் ஊர்க்காரர்களே முன்னின்று நடத்தும் ஓர் அரும்பொருளகம் இருக்கிறது. ஊர் மக்கள் கொடுத்த பழம்பொருள்களால் அது நிறைந்திருக்கிறது. மரபுடைமைகளைக் காக்க இந்நாட்டில் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. ஆனால் சட்டம் வந்து உங்கள் தகரப் பெட்டியைத் திறக்காது. நாம்தான் திறக்க வேண்டும்.

முதலாவது, வீட்டுப் பெரியவரோடு உட்கார்ந்து, படத்தில் இருப்பவர் பெயர், இடம், ஆண்டு மூன்றையும் எழுதுங்கள். படத்தின் பின்பக்கம் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல் ஓரமாக எழுத வேண்டும். பேனா மை ஊறி முன்பக்கத்தைக் கெடுத்துவிடும்.

இரண்டாவது, படத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். ஒட்டும் தாள் கொண்ட ஆல்பத்தில் வைத்திருந்தால், அந்தப் பசை நாளாக நாளாகப் படத்தைத் தின்றுவிடும். சுலபமாக வந்தால் எடுத்துத் தனித்தனித் தாளுறையில் போடுங்கள். வராவிட்டால் இழுக்காமல் அப்படியே படம் பிடித்துக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளைப் படம் நெடுநாள் தாங்கும். வண்ணப் படம் அப்படியல்ல, இருட்டிலேயே வெளுத்துப் போகும். ஆகவே எழுபது எண்பதுகளின் வண்ணப் படங்களுக்குத்தான் அவசரம் அதிகம்.

மூன்றாவது, பிள்ளைகளின் கைத்தொலைபேசியாலேயே பிரதி எடுக்கலாம். சன்னல் ஓரத்தில், நேர் வெயில் படாத இடத்தில், படத்தைத் தட்டையாக வைத்து நேர் மேலிருந்து எடுங்கள். பளிச்சென்று அடிக்கும் விளக்கு வேண்டாம். எடுத்ததை மூன்று இடங்களில் வையுங்கள். தொலைபேசி தொலைந்தால் தாத்தாவும் தொலைந்துவிடக் கூடாது!

நான்காவது, யார் கேட்டாலும் மூலப் படத்தை வீட்டை விட்டு வெளியே கொடுக்காதீர்கள். நல்ல பிள்ளைகள்தான், ஆனால் இரவல் போன படம் திரும்பி வருவது அபூர்வம். வீட்டிலேயே பிரதி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாதுகாப்பாக வைக்க வசதியில்லை என்றால் தேசிய ஆவணக் காப்பகம் தனியார் ஆவணங்களையும் ஏற்றுக்கொள்கிறது, விசாரித்துப் பாருங்கள்.

படிக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கேமராவைத் தூக்குமுன் வணக்கம் சொல்லுங்கள். எதற்காக எடுக்கிறீர்கள் என்று விளக்குங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பெயரைக் கேட்டுச் சரியாக எழுதுங்கள். பட்டம் வாங்கியதும் மறந்துவிடாமல் ஒரு பிரதி கொண்டுவந்து கொடுங்கள்.

தோட்டம் கைமாறிப் போகலாம். லயம் இடிந்து போகலாம். பால்மரம் சாய்ந்து, செம்பனை முளைத்து, அதுவும் போய் வீடுகள் வரலாம். அதைத் தடுக்கும் சக்தி நம் கையில் எப்போதும் இருந்ததில்லை. ஆனால் படத்துக்குப் பின்னால் ஒரு பெயரை எழுதும் சக்தி நம் கையில் இருக்கிறது. ஒரு பென்சில் போதும்.

இன்றிரவு சாப்பிட்டு முடித்ததும் தொலைக்காட்சியைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு, பெட்டியைத் திறந்து பாட்டியைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். "இவங்க யாரு பாட்டி?" என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். நாளைக்கு ஆகட்டும் என்று மட்டும் வைக்காதீர்கள்.